நிறம் மாறலாம், எச்சம் மாறக் கூடாது!

கையில் டிபன் தட்டோடு இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள், தயவுசெய்து ஜோக்குகளைப் படித்து முடித்து, கையையும் கழுவிக்கொண்டு திரும்பி வாருங்கள். இந்த வாரம் விஷயம் அப்படி. பச்சோந்தியின் எச்சம்!

'எழுதறதுக்கு உங்களுக்கு வேற விஷயமே கிடைக்கலியா?' என்று என் வீட்டுக்காரியும் கேட்டுவிட்டாள். பச்சோந்தியைப் பற்றி என்றால் இந்தத் தேசத்தில் எல்லாரும் அதன் நிறத்தைத்தான் பேசுகிறார்கள். ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குப் போனவரைத் திட்டுவதற்கு மட்டும் அந்தப் பிராணியைக் கூப்பிடுகிறோம். அதுவும் சாப்பிடுகிறது, செரிக்கிறது, அதற்கும் வயிறு கெடுகிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே, நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தமிழ்ப் பெருமை. மாடு போட்டால் சாணி. ஆடும் எலியும் போட்டால் புழுக்கை. கழுதை போட்டால் விட்டை. யானை போட்டால் லத்தி. பறவையும் பல்லியும் போட்டால் எச்சம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் ஜனங்கள், அதைக் குனிந்து உற்றுப் பார்க்காமலா வைத்திருப்பார்கள்? வள்ளுவரே 114-வது குறளில், ஒருவர் நேர்மையானவரா இல்லையா என்பது அவர் விட்டுச் செல்வதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார். அங்கே அவர் போட்டிருக்கும் சொல் சாட்சாத் 'எச்சம்'தான். பிள்ளைகள் என்கிறார் ஒரு உரையாசிரியர், புகழ் என்கிறார் இன்னொருவர். பச்சோந்தி விஷயத்தில் உரையே வேண்டாம், நேர் அர்த்தமே போதும்.

எங்கள் கொங்கு நாட்டில் இது பரம்பரை வித்தை. விடிகாலையில் கட்டுத்தறிக்குப் போகிற விவசாயி, மாட்டின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சாணியைப் பார்ப்பார். இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, நாற்றம் வேறு மாதிரியா என்று ஒரு நோட்டம். அதற்குப் பிறகுதான் பால் சொம்பு. பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. எச்சம் வெள்ளையாகத் தண்ணீர் மாதிரி போனால் வெள்ளைக்கழிச்சல், சிவப்பாகப் போனால் ரத்தக்கழிச்சல் என்று நோய்க்குப் பெயரே எச்சத்தை வைத்துத்தான்.

அவிநாசிக்காரனான எனக்கு இந்த விஷயத்தில் கூடுதல் உரிமை உண்டு. ஊர்வன ஒன்றின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று உலகத்திலேயே முதலில் கவலைப்பட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்க வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே வந்தபோது, வருஷங்களுக்கு முன்னால் குளத்து முதலை விழுங்கிய பாலகனை, பதிகம் பாடி உயிரோடு மீட்டுக் கொடுத்தார் என்பது தல வரலாறு. போன பிள்ளை போன வயசில் வரவில்லை. இடைப்பட்ட வருஷங்களின் வளர்த்தியோடு வந்தான்! அவிநாசியப்பர் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் தாமரைக்குளத்துப் பக்கம் போய் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுப் பையன் (ஆறாம் வகுப்பு) மடித்த காகிதம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பார்களே, அதே மடிப்பு. என் மாமியார் பக்தியோடு வலது கையை நீட்டிவிட்டார்.

"அமுச்சி, தொடாதீங்! அது ஒடக்கான் போட்டதுங்!"

மாமியார் நேராகக் குளிக்கப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஓணானுக்கு 'ஒடக்கான்' என்று பெயர். பச்சோந்தியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவோம். பிரித்துப் பார்த்தேன். கறுப்பாக ஒரு துண்டு. அதன் ஓரத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பாகம், பழைய ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இறுகிக் கிடந்தது. கறுப்புத் துண்டுக்குள்ளிருந்து வெட்டுக்கிளியின் கால் ஒன்று, முழுசாக, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங் மாமா, இப்படிப் போடலாமுங்களா? மொத நாளு வெள்ளையாத்தானுங் போட்டுது."

விசாரித்ததில் கதை வெளியே வந்தது. புளியம்பட்டி ரோட்டில் ஒரு காட்டை சைட் போடுவதற்காக ஜேசிபி வைத்து வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள். கிளுவை வேலி. அதிலிருந்து பச்சைப் பசேலென்று ஒரு பச்சோந்தி, ரோட்டைத் தாண்டுவதற்கு ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று ஆடிக்கொண்டே கிளம்பியிருக்கிறது. கூட இருந்த பையன்கள் கல் எடுத்தார்கள். இவன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டு, அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். லவ் பேர்ட்ஸ் செத்துப்போன பழைய கூண்டு வீட்டில் சும்மா கிடந்தது. அப்பா கண்ணில் படாமல் மாடிப்படிக்குக் கீழே வைத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், தினம் நாலு வெட்டுக்கிளி. ஆத்தா மட்டும் கூட்டாளி. பன்னிரண்டு நாள் ஆகிறதாம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கால்நடை டாக்டரைத் தெரியும். முப்பது வருஷம் காங்கேயம் மாடு பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்கு எச்சத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். தினம் காலையில் எனக்கு வரும் 'குட்மார்னிங்' ரோஜாப் பூக்களை விட அது எவ்வளவோ பிரயோஜனமான போட்டோ என்பது என் அபிப்பிராயம். இரண்டே நிமிஷத்தில் போன் வந்தது.

"அந்த ஒடக்கான் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சுங்க?"

ஆச்சரியமாக இருந்தது. போட்டோவில் தண்ணீரே இல்லையே! அவர் விளக்கியதையும், அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாப்பாட்டில் இருக்கும் புரதம் உடம்பில் செலவாகும்போது நைட்ரஜன் கழிவு ஒன்று மிஞ்சுகிறது. அது உள்ளேயே தங்கினால் விஷம். மீனுக்குக் கவலையில்லை, சுற்றிலும் தண்ணீர், அப்படியே கரைத்துவிட்டுப் போய்விடும். நாம் அதை யூரியாவாக்கி, நிறையத் தண்ணீரில் கரைத்து, பஸ் ஸ்டாண்டு சுவர் ஓரமாக நின்று வெளியேற்றுகிறோம். பறவைகளுக்கும் பல்லி, ஓணான், பாம்பு கூட்டத்துக்கும் அப்படித் தண்ணீரை வாரி இறைக்க வசதி கிடையாது. அவை அந்தக் கழிவைக் கிட்டத்தட்ட கரையாத யூரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புப் பசை மாதிரி வெளியே தள்ளுகின்றன. எச்சத்தில் இருக்கும் அந்த வெள்ளை, சாப்பாட்டுக் கழிவே இல்லை. அதுதான் அவற்றின் மூத்திரம்! இரண்டுக்கும் ஒரே வாசல் என்பதால் கறுப்பும் வெள்ளையும் ஜோடியாக வருகின்றன.

யூரிக் அமிலம் என்ற பேரைக் கேட்டதும் நடுத்தர வயசு வாசகர்கள் கால் கட்டைவிரலைத் தடவிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அதேதான். நம் ரத்தத்தில் ஏறினால் 'கெளட்' என்று டாக்டர் பத்தியம் போடுகிறாரே, அதே சரக்கு. தண்ணீர் போதாத பச்சோந்திக்கும் சிறுநீரகம் கெட்டு, அந்த அமிலம் மூட்டில் தங்கி, நம்மைப் போலவே கெளட் வரும்.

இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. 1815-ல் லண்டனில் வில்லியம் பிரவுட் என்ற டாக்டர் ஒரு போவா பாம்பின் எச்சத்தைச் சோதித்து, அதில் 100-க்கு 90 பங்கு யூரிக் அமிலம்தான் என்று சொன்னார். அதற்குச் சில வருஷத்தில், இலங்கையில் ராணுவ டாக்டராக இருந்த ஜான் டேவி, அந்தத் தீவின் ஊர்வனவற்றைப் பிடித்து இதே ஆராய்ச்சியைச் செய்து லண்டனுக்கு எழுதி அனுப்பினார். கண்டி ராஜ்யம் வெள்ளைக்காரன் கைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரே அந்தப் பேச்சில் இருக்க, ஒரு மனுஷர் பாம்பின் மூத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் வீட்டுக்காரி கேட்ட கேள்வியை டேவியின் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

இது தெரிந்ததும் ஒரு பழைய வழக்கில் தீர்ப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. ராமர் தாகம் என்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை சொல்லித்தான் நம் ஊர்ப் பையன்கள் தலைமுறை தலைமுறையாக ஓணானைக் கல்லால் அடிக்கிறார்கள். வால்மீகியும் கம்பனும் சொல்லாத கதை. போகட்டும், விஞ்ஞானப்படியும் நிற்காது ஸார்! ஒரு ஓணான் வாழ்நாள் முழுக்க முயன்றாலும் ராமருக்கு ஒரு டம்ளர் தேறாது. சுண்ணாம்பு வேண்டுமானால் கொஞ்சம் கிடைத்திருக்கும், தாம்பூலத்துக்கு.

இப்போது ஆரஞ்சு நிறத்துக்கு வருவோம். வெள்ளைப் பாகத்தின் நுனியில் லேசாக மஞ்சள் தட்டினால் பயமில்லை. முழுசும் ஆரஞ்சாகி, கல் மாதிரி இறுகி, அதுவும் தொடர்ந்து வந்தால், உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம்.

"கிண்ணத்துல தண்ணி வெச்சிருக்கனுங்களே!" என்றான் பையன், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு.

அங்கேதான் விஷயம். பச்சோந்திக்குக் கிண்ணத்தில் அசையாமல் இருப்பது தண்ணீர் என்றே தெரியாது. மழையிலும் பனியிலும் இலை மேல் நிற்கிற சொட்டு, வெளிச்சத்தில் மினுக்கினால்தான் அதற்குத் தண்ணீர். நாக்கை நீட்டி அதைத்தான் நக்கும். பன்னிரண்டு நாளாகக் கிண்ணத்துப் பக்கத்திலேயே தாகத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறது அந்த ஜீவன்.

வெட்டுக்கிளியின் கால்? அதற்கும் காரணம் உண்டு. பூச்சியின் ஓட்டுத் துணுக்கு எச்சத்தில் கொஞ்சம் தெரிவது சகஜம்தான். ஆனால் கால் முழுசாக, சதையோடு வந்தால் செரிக்கவில்லை என்று பொருள். நமக்கு வயிற்றுக்குள்ளேயே அடுப்பு இருக்கிறது. பச்சோந்திக்கு அடுப்பு வானத்தில் இருக்கிறது. காலை வெயிலில் ஒரு பக்கம் திரும்பி, உடம்பை அகலமாக்கி, கறுத்து, சூடு பிடித்துக்கொண்ட பிறகுதான் அதன் ஜீரணமே ஓடும். மார்கழி மாசம், மாடிப்படிக்குக் கீழே, சிமென்ட் தரை. அடுப்பு எங்கே எரியும்?

டாக்டர் போனிலேயே ஒரு எச்ச ஜோசியம் சொன்னார். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனைத் தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். பல்லி எச்சத்துக்குப் பலன் போட ஒருவரும் இல்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துவிடலாம்.

கறுப்பும் வெள்ளையும்: சௌக்கியம். வளர்ந்த பிராணி சில நாளுக்கு ஒரு தடவை போட்டால் போதும். குட்டி என்றால் அனேகமாகத் தினமும்.

தொடர்ந்து ஆரஞ்சு: தாகம்.

வெள்ளைப் பாகம் பச்சையாக மாறினால்: பல நாள் பட்டினி, அல்லது ஈரல் கோளாறு. உடனே டாக்டர்.

தண்ணீராக, நாற்றத்தோடு: குடலில் புழு, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, அல்லது வெறும் பயம். ஆமாம், பயத்தில் வயிறு கலங்குவது நமக்கு மட்டும் வரும் வியாதி இல்லை.

சிவப்பு: முந்தின நாள் செம்பருத்திப் பூ கிள்ளித் தின்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரத்தம். தாமதிக்கக் கூடாது. கோழிக்கு ரத்தக்கழிச்சல் கொடுக்கிற ஒட்டுண்ணியின் தூரத்துச் சொந்தங்கள் பச்சோந்திக்கும் உண்டு.

ஒன்றுமே போடவில்லை: மண்ணோ கல்லோ விழுங்கி அடைத்திருக்கலாம். குளிரில் குடல் நின்றிருக்கலாம். வயிறு உப்பி, மண்ணைப் பறிக்க இடம் தேடினால், வாழ்த்துகள், முட்டை!

எந்தப் பலனையும் நாமாக முடிவு கட்டக் கூடாது. புதுசாகப் போட்டதை, மூடியுள்ள சின்ன டப்பாவில் ஈரம் காயாமல் போட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போனால் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். திருநீறு மடிக்கிற காகிதம் உதவாது, ஈரத்தை உறிஞ்சிவிடும். இன்னொன்று: ஆரோக்கியமாக இருக்கிற ஊர்வனவற்றின் எச்சத்திலும் சால்மனெல்லா என்ற கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். என் மாமியார் குளிக்கப் போனது விஞ்ஞானப்படியும் சரி என்று சொன்னபோது, அந்த வாரம் முழுக்க எனக்கு காபியில் டிகாக்ஷன் தூக்கலாக விழுந்தது.

கடைசியாக டாக்டர் ஒன்று சொன்னார். "மருந்து ஒண்ணும் வேண்டாமுங்க. எலை மேல தண்ணி தெளிக்கச் சொல்லுங்க, காலம்பற வெயில்ல வெக்கச் சொல்லுங்க. அப்புறம் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க. அதை வீட்டுல வெக்கறது குத்தமுங்க."

குற்றம்தான். நம் நாட்டில் காட்டில் திரியும் பச்சோந்தி ஒரே ஒரு இனம். சிலோன் பெயரைச் சுமந்துகொண்டு 'கமேலியோ ஜெய்லானிகஸ்' என்று அதற்குப் பெயர். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது. பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் ஜெயில், அபராதம் வரைக்கும் போகும். 'வெளிநாட்டுப் பச்சோந்தி வாங்கிக்கறேன்' என்று மடக்குகிறவர்கள் கவனிக்க: மடகாஸ்கர், ஏமன் பக்கத்திலிருந்து வரும் இனங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2024-ல் விதிமுறை போட்டு, அப்படிப்பட்ட பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பாங்காக் விமானத்தில் வந்த சூட்கேஸைச் சென்னையில் திறந்தால் துணிக்குப் பதிலாக ஓணான் எட்டிப் பார்க்கிற செய்தி அடிக்கடி வருகிறதே, அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

வனத்துறைக்குச் சொன்னோம். புதன்கிழமை ஆள் வருவதாகவும், அதுவரைக்கும் நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வைத்திருக்கும்படியும் சொன்னார்கள். கூண்டு மாடிப்படியிலிருந்து கொல்லைப்புறத்துக்கு வந்தது. ஒரு முருங்கைக் கிளையை உள்ளே வைத்து, ஆத்தா வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிற தோரணையில் விரலால் சுண்டித் தெளித்தார். ஒரு இலை நுனியில் சொட்டு நின்றது. பச்சோந்தியின் ஒரு கண் அதைப் பார்த்தது, இன்னொரு கண் எங்களைப் பார்த்தது. ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக வாயைத் திறந்து ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை. பையன் மூச்சு விடாமல் நின்றான்.

புதன்கிழமை காலையில் வனக்காப்பாளர் பைக்கில் வந்தார். பையன் உள்ளே ஓடிப்போய் மடித்த காகிதத்தோடு வந்தான்.

"ஸார், இன்னும் செரியாகலீங். பாருங், ஆரஞ்சாத்தானுங் போடுது. இன்னும் பத்து நாளு எங்கூட்லயே இருக்கட்டுமுங்."

பிரித்தால், அதே கறுப்பு, அதே ஆரஞ்சு, அதே வெட்டுக்கிளிக் கால். ஞாயிற்றுக்கிழமை எச்சம், காய்ந்து சுக்காகிக் கிடந்தது. கூண்டுக்குக் கீழே சிமென்ட் தரையில் அப்போதுதான் போட்ட ஒன்று ஈரமாக இருந்தது. கறுப்பு, ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளை. அதை மறைத்துக்கொண்டு இரண்டு காலையும் அகட்டி நின்றிருந்தான் பையன்!

யாரும் சிரிக்கவில்லை. ஆத்தாதான் அவன் தலையைத் தடவினார். "நோவு தீந்துட்டா அது போயிருமேன்னு, பையன் நோவயே புடிச்சு வெச்சுக்கப் பாக்கறானுங்" என்றார் வனக்காப்பாளரிடம். பிறகு பேரனிடம், "கண்ணு, நீ நல்லாப் பாத்துக்கிட்டதுனாலதான் அது வெள்ளையாப் போட்டுது. அது உனக்குக் குடுத்த சர்டிபிகேட்டுடா. காலை எடு சாமி" என்றார்.

காலை எடுத்தான்.

அந்தத் தெரு முனையைத் தாண்டி, இன்னும் பிடுங்காத கிளுவை வேலி ஒன்று இருக்கிறது. வனக்காப்பாளர் பையனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், அவன் கையாலேயே கிளையில் விடச் சொன்னாராம். விட்ட நிமிஷத்தில் அது எங்கே போனது என்று தெரியவில்லையாம். "அதுக்குள்ள கலர் மாத்திருச்சுங் மாமா" என்றான்.

நிறம் மாறுவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பச்சோந்தியின் தோலில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடிப் படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்கு நெருங்கியிருந்தால் ஒரு நிறம், விலகினால் இன்னொரு நிறம். அந்தப் படிகம் குவானின் என்ற பொருள். அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 19-ம் நூற்றாண்டில் பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து கடல் பறவைகளின் எச்சத்தைக் கப்பல் கப்பலாக உரத்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அதற்கு 'குவானோ' என்று பெயர். அந்தத் தீவுகளுக்காக 1864-ல் ஸ்பெயின் கப்பற்படையே வந்து இறங்கியது. அந்த எச்சத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் குவானின்! ஆக, எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிற அந்த நிறத்துக்கும், எல்லாரும் மூக்கைப் பொத்துகிற இந்த எச்சத்துக்கும் பெயர் அளவில் ஒரே பூர்வீகம்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பச்சோந்தி தன் நோயைச் சுலபத்தில் வெளியே காட்டாது. காட்டில் தளர்ச்சியைக் காட்டுகிற பிராணியைக் கழுகு முதலில் தூக்கும். அதனால் முடிந்த வரைக்கும் கம்பீரமாகக் கிளையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நிறம் நம்மை ஏமாற்றும். எச்சத்துக்கு ஏமாற்றத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த ஆரஞ்சும், அந்த வெட்டுக்கிளிக் காலும் ஒரே சங்கதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: 'தண்ணி இல்லை, வெயில் இல்லை, இது என் இடம் இல்லை.'

கிளுவையும் கள்ளியும் வேலாவும் பின்னிக் கிடந்த உயிர்வேலிகள் எங்கள் கொறங்காடுகளைச் சுற்றி இருந்தவரைக்கும் இந்த ஒடக்கான்களுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. பனி விழுந்தது, குடித்தன. வெயில் அடித்தது, செரித்தன. இப்போது கல்காலும் கம்பியும் ஊன்றுகிறோம். கம்பியின் மேல் பனி நிற்கும், பச்சோந்தி நிற்காது.

ஆகவே, பிராணிப் பிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சோந்தி வளர்க்க ஆசையா? வேலியை வளருங்கள், அது தானாக வந்து குடியேறும். முகவரி கண்டுபிடிப்பது சுலபம். நிறத்தை வைத்து நீங்கள் ஜென்மத்துக்கும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. காலை நேரத்தில் வேலியோரம் குனிந்து இலை மேல் பாருங்கள். கறுப்பாக ஒன்று, ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால், அந்தக் குடும்பத்து ஆள் யாரோ உள்ளே சௌக்கியமாக இருக்கிறார். கதவைத் தட்டாமல் வந்துவிடுங்கள்.

கை கழுவ மறக்காதீர்கள்!